லிங்கன் கட்சியை விட்டு ஏன் போனார்கள்?

கேள்வி: அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். கறுப்பின மக்களோ ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்களே, ஏனுங்க ஐயா?
– கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: ஒரே நாளில் மாறவில்லை அம்மிணி. ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைப் பார்த்து 1936-லேயே பெரும்பாலோர் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். ஆனால் அதே கட்சியின் தெற்கத்தி செனட்டர்கள் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்கள்)தான் 1964 குடிமை உரிமைச் சட்டத்தை இரண்டு மாதத்துக்கு மேல் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். ஓட்டலில், தியேட்டரில் நிறம் பார்த்து விரட்டக்கூடாது என்ற சட்டம் அது. டீக்கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

கடைசியில் செனட்டில் 73-27 என நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். சரி, அப்புறம் என்ன ஆச்சு? எதிர்த்த ஆறு பேரில் ஒருவரான கோல்ட்வாட்டரையே அந்தக் கட்சி அதே ஆண்டு அதிபர் வேட்பாளராக்கியது! சொந்த அரிசோனாவை விட்டால், அவர் வென்றது மிசிசிப்பி, அலபாமா உள்ளிட்ட ஐந்து தென் மாநிலங்களை மட்டுமே. கறுப்பின வாக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனுக்குப் போயின.