மழை மாதத்துப் பணமும் சூடான ஒரு சாயாவும்

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி நகைப் பணயத்தைப் பற்றித்தான், அதாவது நகை அடகைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவையும் அப்படித்தான். ஊர்ப் பெயரை மட்டும் போட்டு ஆள் பெயரை விட்டுவிட்டேன், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தமாக வந்து நிற்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுக்காரர் ஒரு தோட்டத்தில் ரப்பர் வெட்டப் போகிறார். வெயில் மாதங்களில் கையில் காசு புரளும், மழை தொடங்கினால் வெட்டு கிடையாது. வருஷா வருஷம் ஜூனில் என் வளையல்கள் பணயத்துக்குப் போகும், கிறிஸ்துமஸுக்குள் எப்படியாவது மீட்டுவிடுவோம். நானும் முந்திரி உடைக்கிற அண்டி ஆபீஸுக்குப் போகிறேன், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது. செலவுப் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். எங்கே குறைக்கலாம் என்று சொல்லுங்கள். (குலசேகரம்)

பதில்: பட்டியலை இரண்டு தடவை படித்தேன் தங்கச்சி. அரிசி, மீன், பிள்ளைகளுக்கு டியூஷன், கேபிள், மாமிக்கு (மாமியாருக்கு) மாத்திரை, அவருக்குச் சாயாக்காசு வரை இருக்கிறது. இதில் குறைக்க ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் கூட்ட வேண்டியதுதான் இருக்கிறது, இடுப்பு வலிக்கு ஒரு ரூபாய்கூட நீங்கள் எழுதவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் வளையல்.

நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. ஊருக்கு அது கொடுப்பினை, பால் வெட்டுகிற வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை ஆடி. போதாததற்கு பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்ந்து தளிர் விடும்போதும் வெட்டை நிறுத்துகிறார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு வரவே ஏறி இறங்கித்தான் இருக்கும், அது யாருடைய ஊதாரித்தனமும் இல்லை. வரவு இப்படி இருக்கும்போது செலவை மட்டும் மாதச் சம்பளக்காரர் வீட்டு மாதிரி வைத்துக்கொண்டால் நடுவில் மாட்டிக்கொள்வது வளையல்தான்.

நான் சொல்வது இவ்வளவுதான். போன வருஷம் எந்த மாதம் ஆகக் குறைவாக வந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். உங்கள் கூலியும் சேர்த்து 11,000 என்று வைத்துக்கொள்வோம். இனி எல்லா மாதமும் உங்கள் வீட்டு வருமானம் 11,000தான். நல்ல மாதத்தில் 19,000 வந்தாலும் 11,000தான். மேலே வந்தது ஜூன் மாதத்துப் பணம், அதை எடுத்து டிசம்பரில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பதும் கல்யாண வீட்டில் கூடுதலாகச் சுருள் (மொய்) வைப்பதும் ஜூன் மாதத்திடம் கடன் வாங்குகிற மாதிரி. சொல்வது லேசு என்று தெரியும். முதல் வருஷம் எல்லா வளையலும் தப்பாது, நாலில் இரண்டு தப்பினாலே எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது? அஞ்சலக ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டுகிற சேமிப்பில்) போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.டி. நல்லதுதான், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஆனால் அது 5 வருஷத்துக்கு, 3 வருஷம் ஆகாமல் உடைக்க முடியாது, 12 தவணை கட்டிய பிறகுதான் அதன் பேரில் பாதி வரை கடனாவது கிடைக்கும். ஜூனில் வேண்டிய பணத்தை அதில் போட்டுவிட்டு ஜூனில் கை பிசையக் கூடாது. மழைக்காலப் பணத்துக்குச் சாதாரணச் சேமிப்புக் கணக்கு போதும், ஏ.டி.எம். அட்டை மட்டும் வாங்காதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும் என்ற நினைப்பே பாதிச் செலவைத் தடுக்கும்.

இன்னொன்று, நூற்றுக்கு இரண்டு வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க லேசாக இருக்கும். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000, ஆறு மாதத்தில் 6,000. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அந்த ஆயிரத்தை வைத்து என்னென்னவோ செய்யலாம் என்று நாம் எல்லாரும் திட்டம் போட்டோமே, உங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு அது நேராகப் பணயக்கடைக்குப் போகிற கணக்கு இது. அடகு வைத்தே ஆக வேண்டுமென்றால் பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள், வட்டி இதைவிட நன்றாகவே குறையும். மாத வட்டியைச் சொன்னால் போதாது, வருஷத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம்: மரத்தில் பிளாஸ்டிக் மறைப்பு கட்டி மழையிலும் வெட்டுகிற தோட்டங்கள் இருக்கின்றன, முதலாளியிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இடுப்பு. சம்பளச் சீட்டை எடுத்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலைக்கு அது உண்டு, மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. பிடித்தம் இருந்தால் வைத்தியம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இலவசம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தால், போதுமான நாள் வேலை செய்திருக்கும் பட்சத்தில், கூலியில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இத்தனை வருஷமாகக் காசைப் பிடிக்கவிட்டு, வலிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிற பெண்களை எனக்குத் தெரியும், எனக்கே ஆத்திரம் வரும். அதுவரை முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் மூன்று பேரும் மீன் இல்லாமல் சோற்றைத் தொட மாட்டார்கள். தடைக்காலத்தில் அயலையின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். என்ன சமைக்க? (தக்கலை)

பதில்: நமக்கு இரண்டு கடல், இரண்டு கணக்கு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வரும், அங்கே விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு, அந்த நாட்களில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசி வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை, ஆனால் கடல் விட வேண்டும். கடல் விட்ட நாளில் சாளையோ நெத்திலியோ கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் அன்றைக்கு மீன் வாங்குங்கள். அயலைதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் அது செல்லம் கொடுத்த உங்கள் குற்றம்.

நெத்திலிக் கருவாட்டை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கி வெயில் காட்டி டப்பாவில் அடைத்துவிடுங்கள். மாங்காய் போட்டு வைத்தால் சட்டி காலியாகும். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

சக்கை (பலாப்பழம்) இந்தச் சமயத்தில் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும். சக்கைக்குருவை எறிந்துவிடாதீர்கள், முருங்கைக்கீரையோடு தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டான் வைத்தால் மீனைத் தேடுகிற நாக்கு கொஞ்சம் அடங்கும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் பாட்டிமார் அதை வைத்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள், ஆனால் அதில் மாவுதான் இருக்கிறது, பிள்ளை வளர வேண்டிய புரதம் ரொம்பக் குறைவு. அதனால் வெறும் மிளகுத் துவையலோடு நிறுத்தாமல் கூட ஒரு பிடி சிறுபயறோ ஒரு முட்டையோ வேண்டும். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், அதில் விஷத்தன்மை இறங்கியிருக்கும். ராத்திரி கஞ்சியும் பயறும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பை வாங்காமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை.

கேள்வி: காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரை வரை வேலை. பக்கத்து வீட்டு மைனி பார்லர் போகிறார்கள். போனைத் திறந்தால் ‘உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்’ என்கிறார்கள். எனக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்தால் மாமி ஒரு மாதிரி பார்க்கிறார்கள். (கருங்கல்)

பதில்: போனில் சொல்கிறவர்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்களோ, விடுங்கள்.

மாமி பார்வையைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் மத்தியானம் உட்காரப் பயந்து, துடைத்த அம்மியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பேன். பத்து வருஷம் கழித்து ஒரு நாள் மாமி சொன்னார்கள், “நீ இருக்காம ஓடிட்டே கெடந்ததுனால எனக்கும் படுக்க நாணமா இருந்துச்சு மக்ளே.” இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து பத்து வருஷம் முதுகை முறித்திருக்கிறோம்! உங்கள் மாமி அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் மூணரைக்குச் சாயா போடும்போது இரண்டு கிளாஸ் போட்டு, ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, இன்னொன்றோடு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாரம் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பிள்ளைகள் வந்த பிறகு விட்டிருப்பீர்கள், அதைத் திரும்பப் பிடியுங்கள். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறது, பார்லர் காசு மிச்சம். பிள்ளைகளை அந்த அரை மணி நேரம் அப்பா பார்க்கட்டும், பார்த்தால் ஒன்றும் ஆகாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு தேங்காய்ப்பட்டணம் போய் வாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, கையில் 20 ரூபாய் கடலைக்கு இருந்தால் போதும். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். ஜூன், ஜூலையில் கடல் மூர்க்கமாக இருக்கும், பிள்ளைகளைத் தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எப்போதும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது வேலைக் களைப்பு மட்டும்தானா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு இல்லை. 12க்குக் கீழே இருந்தால் மாத்திரை கொடுப்பார்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிற ஆள்தானே நீங்கள்? மீன் துண்டு ஒன்றை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள்.

கேள்வி: பூக்கட்டி வருகிற காசில் கொஞ்சம் அவருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் போட்டு வைக்கிறேன். துரோகமா அக்கா? (தோவாளை)

பதில்: சிறுவாடு இல்லாத வீடு ஏது. எனக்குக் குறை பானையைப் பற்றித்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாள் எங்கள் தெருவில் எத்தனை பானையிலிருந்தும் மடித்த சேலைக்குள்ளிருந்தும் பணம் வெளியே வந்தது தெரியுமா. நானும் 9,000 ரூபாயை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். அவர் திட்டவில்லை, சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

500 ரூபாய் இருந்தால் அஞ்சலகத்தில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்கலாம். உங்களுக்கு ஜூன் மாதக் கவலை இல்லை என்றால், முதல் கேள்விக்கு நான் வேண்டாம் என்ற அந்த 100 ரூபாய் ஆர்.டி. உங்களுக்குத்தான். நாமினி பெயரை எழுத மறக்காதீர்கள். பாஸ்புக் இருக்கிற இடம் மகளுக்காவது தெரியட்டும்.

கேள்வி: ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா அயன் மாத்திரை தந்தார்கள். மத்தியானம் சோற்றோடு கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடிப்பது என் பழக்கம். இரண்டும் சேரலாமா? (ஆரல்வாய்மொழி)

பதில்: சேராது. சாயாவில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள், பாலோடு வேண்டாம், கால்சியம் மாத்திரை இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாயாவையும் விட வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். அடுப்புத் திண்டில் வைத்து ஆறவிட்டு நின்றுகொண்டே குடிக்காமல், உட்கார்ந்து, சூட்டோடு குடியுங்கள்.