படிக்க முடிகிறது, ஆனால் படம் கெட்டிருக்கிறது

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், அதிலிருந்து எடுத்த நகலை இன்னொன்றிலும் வைத்திருக்கிறேன். இப்போது சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரிகிறது, நகலிலும் அப்படியே. டிஸ்க்கைச் சோதித்த கடைக்காரர் அது நன்றாக இருக்கிறது என்கிறார். பிறகு கெட்டது எது?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, அவருடைய சோதனை, டிஸ்க்கின் சிறு பகுதியான ஒவ்வொரு செக்டரையும் படிக்க முடிகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. 512 அல்லது 4096 பைட் அளவுள்ள ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்றையும் டிஸ்க் சேர்த்து எழுதுகிறது. பிட்டுகள் சிதைந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எழுதாமலேயே ‘எழுதியாயிற்று’ என்று டிஸ்க் பதில் சொன்னாலோ, வேறு செக்டரில் எழுதிவிட்டாலோ, உரிய இடத்தில் பழைய தரவும் அதற்குரிய பழைய குறியீடும் பொருத்தம் குலையாமல் கிடக்கும். மஞ்சக்குப்பத்துத் தபாலைத் திருப்பாதிரிப்புலியூரில் கொடுத்துவிட்டால் உறையின் முத்திரை கலைந்திருக்காது அல்லவா?

கடற்காற்றில் கேபிள் முனை உப்பேறியிருக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். கேபிள் வழியில் நேரும் பிழைக்குத் தனிச் சரிபார்ப்பு உண்டு. அதனால் என் ஐயமெல்லாம் டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் மீதும், கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் மீதும்தான். இது அபூர்வமும் அல்ல: 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில், தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் பொருந்தவில்லை.

நகல் உங்களைக் காக்காததற்குக் காரணம், கெட்ட படத்தையும் அது நேர்மையாக நகலெடுத்ததே. ஆகவே கேமரா கார்டை அழிப்பதற்கு முன்பே ஒவ்வொரு படத்துக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் செக்சம் கணக்கிட்டு, அந்தப் பட்டியலை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய நகலின் மேல் புதியதை எழுதாதீர்கள். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உங்கள் படங்களுக்குச் செக்சம் வைப்பதில்லை. இசட்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை வைக்கிறது, அதுவும் தரவுக்குப் பக்கத்தில் அல்லாமல் அதைச் சுட்டும் மேல்தொகுதியில் வைப்பதால், தரவு எழுதப்படாமல் போயிருந்தாலும் படிக்கும்போது பிடிபடுகிறது. இரண்டு டிஸ்க்குகளை ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி இணையாகப் பூட்டியிருந்தால் நல்ல பிரதியிலிருந்து அதுவே சரிசெய்தும் விடுகிறது.

கெட்ட படங்களில் சாம்பல் தொடங்கும் வரிக்குக் கீழே உள்ளதை மென்பொருளால் மீட்பது அரிது. அந்தக் கல்யாண வீட்டாருக்குக் கொடுத்த பென்டிரைவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.