ஸ்காபரோவுக்குத் தனியப் போற தம்பிக்கு

தம்பி, வாற தையில கனடாவில இருக்கிற ஸ்காபரோவுக்குத் தனியப் போறன், அங்க ஒருத்தரையும் தெரியாது, ரெண்டு பெட்டிக்குள்ள எதை அடைக்கிறதெண்டு கேட்டிருந்தீங்க. நான் திருகோணமலை உப்புவெளி ஆள். நானும் மாசிக் குளிருக்குள்ள தனியப் போய் இறங்கினவன்தான்.

பெட்டியை விடுங்க, முதல்ல கடுதாசி. பிறப்புச் சான்றிதழ் தமிழ்ல எண்டா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து ஆங்கிலத்தில எடுங்க. சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தா, எத்தனை வருசம் ஓடினனீங்க எண்டதுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில உறுதிக் கடிதம் வாங்குங்க. அந்த அனுபவம் 24 மாசத்துக்கு மேல எண்டா ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில எழுத்துச் சோதனை முடிச்சு, முழு லைசன்சுக்கான ஜி ரோட் டெஸ்டுக்கே நேரா போகலாம். நான் வாங்காமப் போய்ப் படிப்படியா இழுபட்டன். கொழும்புக்கு ராத்திரி ரயில்ல ஒருக்காப் போனா முடியிற வேலை!

ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம். இங்க 230 வோல்ட், அங்க 120. அம்மா ஆசையாத் தந்ததெண்டு நான் மடியில வைச்சுக் கொண்டு போனன். முதல் நாள் ஒரு மணித்தியாலம் கழிச்சு மூடியைத் திறந்தா, அரிசி இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள அப்படியே கிடக்கு. பாணும் சம்பலும்தான் அண்டைக்கு.

தூள், கருவாடு எல்லாம் அங்க தமிழ்க் கடையில இருக்கு. கொண்டுபோனா சுங்கத்தில மறைக்காமச் சொல்லுங்க. தடிச்ச ஜக்கெட்டும் அங்கேயே வாங்குங்க.

அறையைப் பாராம ஒரு சதமும் அனுப்பாதீங்க. வாடகை முற்பணமா, நீங்க இருக்கப்போற கடைசி மாசத்துக்கான வாடகைக்கு மேல கேக்க அங்க சட்டம் விடாது. கூடக் கேட்டா அடுத்த வீட்டைப் பாருங்க.