ஹொக்கியை விட்டுட்டு ஸ்கவுட் ஆகப்போறன் எண்டு மகன் நிண்டா? ஒரு அம்மாவுக்கு எழுதின பதில்

அக்கா, போன கிழமை நீங்க ஃபோனில அழுதுகொண்டு சொன்னதை நான் கனநேரம் யோசிச்சுப் பாத்தன். பத்து வருசமா விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, ஸ்நோ தள்ளி, மினிவானைச் சூடாக்கி, பிள்ளையையும் அந்தப் பெரிய பாக்கையும் ஏத்திக்கொண்டு ரொறன்ரோ ஸ்காபரோவில இருந்து அரீனா அரீனாவா ஓடினது நீங்களும் அண்ணையும்தான். இப்ப 17 வயசில அவன் வந்து, அம்மா நான் இனி ஐஸ் ஹொக்கி விளையாடேல்லை, ஸ்கவுட் ஆகி, மற்றவை விளையாடுறதைப் பாத்து ஆரை ரீமுக்கு எடுக்கலாம் எண்டு சொல்லுற வேலைக்குப் போகப்போறன் எண்டு சொன்னா எந்தத் தாய்க்கும் வயிறு எரியும்.

இது ஒரு வேலையோ எண்டு கேட்டீங்கள். வேலைதான் அக்கா. என்எச்எல் எண்ட வட அமெரிக்காவின்ர பெரிய தொழில்முறை லீக்கில 32 ரீம் இருக்கு, ஒவ்வொரு வருசமும் ட்ராஃப்டில, அதுதான் ரீம்கள் முறை வைச்சுப் புதுப் பெடியளைத் தெரிவு செய்யிறதில, ஏழு சுற்று, ஆக 200க்கு மேல பெடியளை எடுக்கினம், அவ்வளவு பேரையும் முதல் வருசக்கணக்கா ஆரோ போய்ப் பாத்து எழுதியிருக்க வேணும். அதுக்குக் கீழ ஓஎச்எல் எண்டு எங்கட ஒன்ராரியோ ஜூனியர் லீக், அங்க 20 ரீம், அவை 15, 16 வயசுப் பிள்ளையளை எடுக்கினம். அந்த ட்ராஃப்டில தன்ர பேர் வரேல்லை எண்டு மகன் ரெண்டு நாள் அறையை விட்டு வெளிய வராமக் கிடந்தான் எண்டீங்களே, அந்த முடிவுக்குப் பின்னால நிண்டது அரீனா மூலையில ஜக்கெட்டோட, கையில கோப்பியோட நிண்டு பாத்த ஸ்கவுட் ஆக்கள்தான். தன்னை வேண்டாம் எண்டு விட்ட அந்த வேலையையே தான் செய்ய வேணும் எண்டு ஒரு பிள்ளை கேக்கிறான் எண்டா, அதைச் சோம்பல் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ.

விளையாட்டை விடுறது பிழையான முடிவு எண்டும் எனக்குப் படேல்லை. தோள்மூட்டு ரெண்டு தரம் கழண்டிட்டு எண்டீங்கள். அதோட, முந்தி ஓஎச்எலுக்கு அடுத்த படியான ஜூனியர் ஏ விளையாடுற பெடியளுக்கு அமெரிக்க யூனிவேர்சிட்டி ஸ்கொலர்ஷிப் எண்டு ஒரு வழி நல்லாத் திறந்திருந்தது. 2024 நவம்பரில அமெரிக்க யூனிவேர்சிட்டி விளையாட்டை நடத்திற என்சிஏஏ விதியை மாத்தி, முந்தி போக ஏலாம இருந்த ஓஎச்எல் பெடியளும் 2025 ஓகஸ்ட்டில இருந்து அங்க போகலாம் எண்டு வந்திட்டுது, அதால அந்த வாசலும் இப்ப நெருக்கம். அவனுக்கு இதெல்லாம் வடிவாத் தெரியும், உங்களுக்குச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரேல்லை.

கென் ஹொலண்ட் எண்டு ஒருத்தற்ற கதை சொல்லுறன், அண்ணைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியாவில வேர்னன் எண்ட சின்ன ஊர்ப் பெடியன், கோல் காக்கிற கோலி. 1975ல ட்ராஃப்டில எடுத்தது எங்கட ரொறன்ரோ என்எச்எல் ரீம் மேப்பிள் லீஃப்ஸ்தான், ஆனா 188ஆவது ஆளா. அதுக்குப் பிறகு பத்து வருசம் கீழ் லீக்குகளில கிடந்து உழைச்சவர், என்எச்எல்ல அவர் விளையாடின கேம் எத்தினை எண்டு நினைக்கிறீங்கள், நாலே நாலு. 29 வயசில விளையாட்டு முடிஞ்சுது, கலியாணம் கட்டின மனுசன், பிள்ளை குட்டி, கையில வேற தொழில் இல்லை. தாய்தான் வக்கூம் கிளீனர் விக்கிற வேலை ஒண்டு இருக்கு, அம்மம்மாவுக்கும் ஒண்டு தேவை, அதையே முதல் வியாபாரமா வைச்சுக்கொள் எண்டு சொன்னவவாம். அந்த நேரம் பாத்து டெட்ரோயிட் ரெட் விங்ஸ் எண்ட என்எச்எல் ரீம் கூப்பிட்டு மேற்குக் கனடாவுக்கு ஸ்கவுட் வேலை குடுத்தது, அது 1985. பன்னிரண்டு வருசம் கழிச்சு 1997ல அதே ரீமுக்கு ஜெனரல் மனேஜர், 1998, 2002, 2008 எண்டு மூண்டு ஸ்டான்லி கப், அதுதான் என்எச்எல் சம்பியன் கிண்ணம். எங்கட டவுன்ரவுனில இருக்கிற ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்கு 2020ல அவரைத் தெரிவு செய்தவை.

எல்லாரும் ஹொலண்ட் ஆகினம் எண்டு நான் சொல்ல வரேல்லை அக்கா, கனபேர் ஆகிறேல்லை. அந்த வேலை எப்பிடி ஆரம்பிக்கும் எண்டதை மறைக்காமச் சொல்லுறன். முதல்ல கிடைக்கிறது ஜூனியர் ரீம் ஒண்டுக்குப் பகுதிநேர வேலை, ஒரு கேமுக்கு இவ்வளவு எண்டு கைச்செலவுக்காசு, பெற்றோல் காசு, சில இடத்தில அதுவும் இல்லை, ரீம் ஜக்கெட் ஒண்டு மட்டும். அதால வேற வேலை ஒண்டு கட்டாயம் பக்கத்தில இருக்க வேணும். வெள்ளி இரவு ஒரு ஊர், சனி பகல் இன்னொரு ஊர், அதே சனி இரவு மூண்டாவது ஊர், 401 நெடுஞ்சாலையில ஸ்நோ அடிக்கிற நேரம் தனிய ஓட்டம். முழுநேர ஸ்கவுட் ஒருத்தர் வருசத்துக்கு 150 கேமுக்கு மேல பாப்பார், வீட்டில பிறந்தநாள், பெருநாள் எல்லாம் தவறும். ஜெனரல் மனேஜரை மாத்தினா ஸ்கவுட் ஆக்களையும் சேத்து மாத்திப்போடுவினம். ஓய்வூதியம், நிரந்தரம் எண்டு நீங்க நினைக்கிற மாதிரி அதில ஒண்டும் இல்லை.

சரி, விளையாடின பெடியனுக்கு இதில என்ன லாபம்? தொமஸ் கிராடின் எண்டு ஒரு சுவீடன்காரர், 1978ல இருந்து எட்டு சீசன் வன்கூவர் கனக்ஸ்ல விளையாடினவர், பேந்து அதே ரீமுக்கு சுவீடனில ஸ்கவுட். 2004ல மூண்டாம் தரத்து லீக் ஒண்டில, ஆரும் பெரிசாப் பாக்காத இடத்தில நிண்ட அலெக்ஸ் எட்லர் எண்ட பெடியனை எடுக்கச் சொன்னவர். 91ஆவது ஆளா எடுத்த அந்தப் பெடியன் என்எச்எல்ல 900 கேமுக்கு மேல விளையாடிப்போட்டான். ரீவியில பாக்கிற எங்களுக்கு கோல் மட்டும்தான் தெரியும். விளையாடின ஆளுக்கு பக், அதுதான் அடிச்சு விளையாடுற அந்தக் கறுப்புத் தட்டு, தன்னட்டை இல்லாத நேரம் ஒருத்தன் எங்க நிக்கிறான், அடிவிழும் எண்டு தெரிஞ்சும் மூலைக்குள்ள போறானோ, பிழை விட்டுட்டு பெஞ்சில வந்து இருக்கேக்க மூஞ்சியை எப்பிடி வைச்சிருக்கிறான், இதெல்லாம் கண்ணில படும். இப்ப நல்லா விளையாடுறான் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், இவன் அஞ்சு வருசத்தில என்ன மாதிரி வருவான் எண்டு சொல்லுறதுக்குத்தான் ஸ்கவுட்டுக்குச் சம்பளம்.

ஆனா விளையாடினவைக்கு ஒரு பலவீனமும் இருக்கு, தங்களை மாதிரி விளையாடுற பெடியனைத்தான் பிடிக்கும். உங்கட மகன் டிஃபென்ஸ், உயரமில்லாத டிஃபென்ஸ், அதை அவன் கவனிக்க வேணும். பேந்து பெரிய நட்சத்திரங்களான டட்சூக்கை 1998ல 171ஆவது ஆளாவும் செற்றர்பேர்க்கை 1999ல 210ஆவது ஆளாவும் டெட்ரோயிட்டுக்குக் காட்டிக்குடுத்த ஸ்கவுட் ஹோகன் அண்டர்சன் அதுக்கு முதல் மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போற வழிகாட்டியா இருந்தவர். ஆக, விளையாடினது ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

படிப்புக்கு வாறன், உங்கட பயம் அதுதானே. படிப்பை விடவே கூடாது, இதில நான் அவனோடயும் கண்டிப்பாத்தான் கதைப்பன். கைல் டூபஸ் எண்டவரை அவனுக்குத் தெரியும். அவருக்கும் தலையில அடிபட்டுச் சின்ன வயசிலேயே விளையாட்டு நிண்டுபோச்சு, சூ சேன்ட் மரியில தன்ர ஊர் ஓஎச்எல் ரீமோட ஒட்டிக்கொண்டே வேலை பழகி, ஸ்கவுட் வேலையும் பாத்து, சென்ற் கத்தரின்ஸ்ல புரொக் யூனிவேர்சிட்டியில ஸ்போர்ட் மனேஜ்மென்ட் படிச்சவர். 2011ல 25 வயசில அதே ரீமுக்கு ஜெனரல் மனேஜர், 2018ல மேப்பிள் லீஃப்ஸ்க்கே ஜெனரல் மனேஜர். உங்கட மகனுக்குக் கணக்கு நல்லா வருது எண்டீங்கள், அப்ப புள்ளிவிபரவியலும் போடலாம், இப்ப ரீம்களில டேட்டா பாக்கிற ஆக்களும் இருக்கினம், ஹொக்கி சரிவராட்டி வங்கியோ இன்சூரன்ஸோ அந்தப் பட்டத்துக்கு வேலை குடுக்கும். ஒன்ராரியோ யூனிவேர்சிட்டி விண்ணப்பத்துக்கு ஜனவரி நடுப்பகுதிக்குள்ள போட வேணும், அதை மட்டும் தள்ளிப்போட விடாதேங்கோ.

கன வருசத்துக்கு முதல் இதே மாதிரி வந்த ஒரு பெடியனுக்கு நான், விளையாட்டெல்லாத்தையும் மூட்டை கட்டிப்போட்டுப் படி எண்டு சொல்லிப்போட்டன். அவன் ரெண்டையும் விட்டுட்டான். அது இப்பவும் எனக்குள்ள உறுத்துது, அதாலதான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறன்.

இப்ப செய்ய வேண்டியது இது. இந்த மார்ச் வரைக்கும் ஒவ்வொரு கிழமையும் ஒரு கேம், கிட்டடி அரீனாவில அண்டர் 16 பெடியள் விளையாடுறதை அவன் தனியப் போய்ப் பாக்கட்டும். ஒரு கேமில மூண்டு பேரை மட்டும் எடுத்து, ஸ்கேற்றிங், விளையாட்டு மூளை, விட்டுக்குடுக்காத குணம், இதுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும், எழுதினதைப் பிறகு மாத்தக்கூடாது. அதே பெடியன்களை ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பாத்து, முதல் எழுதினது எங்க பிழைச்சுது எண்டதையும் எழுதட்டும். ஆரும் காசு தராம, ஆரும் கைதட்டாம, குளிருக்க இருந்து இருபது ரிப்போட் எழுதி முடிச்சானெண்டா அவனுக்கு இந்த வேலை உண்மையா வேணும். நாலாவது கிழமை நிண்டுதெண்டா அதுவும் நல்லதுதான், ஒரு சதமும் செலவில்லாமத் தெரிஞ்சிடும். பிறகு அந்த ரிப்போட்டுகளோட நானே அவனை ஒரு ஜூனியர் ரீம் ஆக்களுக்கு மெயில் போட வைக்கிறன்.

சின்ன மகளும் விளையாடுறா எண்டீங்கள், அவவுக்கும் இது சொல்லி வையுங்கோ: மனிடோபாவைச் சேர்ந்த பிரிஜெட் லக்கெட் 2018 ஒலிம்பிக்கில கனடாவுக்கு விளையாடினவ, 2021ல சிக்காகோ ரீமுக்கு ஸ்கவுட் ஆனவ.

சொந்தக்காரருக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டீங்கள். மகன் கிறேட் 12 படிக்கிறான், யூனிவேர்சிட்டிக்குப் போடுறான் எண்டு சொல்லுங்கோ, அது உண்மைதானே, மிச்சம் அவைக்குத் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமை அவன் முதல் கேமுக்குப் போகேக்க நீங்களும் கூடப் போங்கோ அக்கா, ரெண்டு கோப்பி வாங்கிக்கொண்டு பக்கத்தில இருங்கோ. இவ்வளவு காலமும் அவனைத்தானே பாத்தீங்கள், இந்தமுறை அவன் எதைப் பாக்கிறான் எண்டு கேட்டுப் பாருங்கோ. முதல் ரிப்போட்டை ஞாயிறு இரவுக்குள்ள எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ.