மெனு மூடமாட்டன் எண்டு நிக்குது

கேள்வி: ஐயா, அண்ணாவின் பனம்பொருள் கடைக்கு ஒரு வெப்சைற் செய்திருக்கிறேன். 'பொருட்கள்' என்பதன் மேல் மவுசைக் கொண்டுபோனால் பனங்கட்டி, ஒடியல், பனாட்டு என்று மெனு இறங்கும். என் லப்ரொப்பில் எல்லாம் சரி. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, "ஐபோனிலை மெனு திறக்குது, பிறகு மூடமாட்டன் எண்டு நிக்குது" என்கிறார். குரோமில் பார்க்கச் சொன்னேன், அதிலும் அதே கதை. அம்மாவின் அன்ட்ரொயிட் போனில் மெனு மின்னி மறைந்து வேறு பக்கம் போய்விடுகிறது. இது எந்த பிரவுசரின் பிழை?
- வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, முதலில் மாமாவைக் குரோமில் இருந்து விட்டுவிடுங்கோ. அவருடைய ஐபோனில் குரோமுக்கும் உள்ளே ஓடுவது சபாரியின் இயந்திரம்தான். சட்டையை மாற்றினால் ஆள் மாறுமா?

பிழை பிரவுசரில் இல்லை. விரலுக்கு 'மேலே நிற்பது' என்றொரு நிலையே கிடையாது, தொட்டது அல்லது தொடாதது, அவ்வளவுதான். உங்கள் மெனுவோ ஹோவரை, அதாவது மவுஸ் மேலே நிற்பதை, நம்பி இருக்கிறது. சபாரி உங்களுக்கு உதவி செய்யப் பார்த்து, முதல் தொடுகையை ஹோவராக எடுத்து மெனுவைத் திறக்கிறது. வெறும் இடத்தில் தொட்டால் அது கிளிக்காகக் கணக்கில் வராததால் மெனு மூடுவதில்லை. அம்மாவின் போனில் அதே தொடுகை ஹோவரும் கிளிக்குமாக ஒன்றாகப் போய், 'பொருட்கள்' என்ற லிங்க் திறந்துவிடுகிறது.

'பொருட்கள்' என்பதை லிங்காக வைக்காமல் பட்டனாக மாற்றி, கிளிக்கில் திறந்து மூடும்படி செய்யுங்கோ. மெனு திறந்திருக்கும்போது அதன் பின்னால் பக்கம் முழுக்க ஒரு கண்ணாடி மூடியை விரித்து, அதைத் தொட்டாலும் மூடும்படி எழுதுங்கோ. மவுசுக்கு ஹோவர் வேண்டுமென்றால், ஹோவர் இருக்கும் கருவிக்கு மட்டும் பொருந்தும் மீடியா குவெரிக்குள் (கருவியைப் பார்த்து ஸ்டைலைப் பிரிக்கும் நிபந்தனை அது) அந்த விதியைப் போடலாம்.

நான் இதைப் படித்தது அவமானப்பட்டுத்தான். 2005இல் ஒரு தங்குவிடுதிக்கு மெனு செய்தேன். பயர்பொக்ஸில் அழகாக இறங்கியது. முதலாளியின் மேசையில் இருந்ததோ இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6. அது லிங்குக்கு மட்டும்தான் ஹோவரை ஒத்துக்கொள்ளும்; நான் போட்டிருந்தது பட்டியல் வரிக்கு. மெனு அசையவில்லை. முதலாளி ரீயைக் குடித்து முடித்து, "தம்பி, கரண்ட் இருக்குத்தானே?" என்றார். அன்றிரவே ஜாவாஸ்கிரிப்ட் போட்டுத் திருத்தினேன். அடுத்த நாள், 'அறைகள் எத்தனை' என்று தெரிவுசெய்யும் பெட்டி மெனுவைத் துளைத்துக்கொண்டு மேலே நின்றது. அதுவும் அதே பிரவுசரின் குணம். உண்மையான பிரவுசர் பிழை என்றால் அதுதான்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் 'பொருட்கள்' என்ற சொல்லுக்கும் கீழ்ப்பட்டியலுக்கும் இடையில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. மாஜின், அதாவது பெட்டிக்கு வெளியே இடைவெளி, விட்டிருப்பீர்கள். மவுஸ் மெதுவாக இறங்கினால் அந்த இடுக்கில் விழுந்து மெனு மூடிவிடும். குறிகட்டுவானில் படகுக்கும் துறைக்கும் இடையில் கால் வைக்கிற மாதிரி. மாஜினை எடுத்துவிட்டு பட்டியலுக்குப் படிங், அதாவது பெட்டிக்கு உள்ளே இடைவெளி, கொடுங்கோ.

இதைப் பார்க்கப் போனால் மெனு மறைந்துவிடுகிறதே என்பீர்கள். குரோமில் எஃப்-12ஐ அழுத்தி, அந்த வரியைத் தெரிவுசெய்து, ஸ்டைல் பகுதியில் ஹோவர் நிலையைப் பிடித்து வையுங்கோ. மெனு அசையாமல் நிற்கும், ஆறுதலாக அளக்கலாம்.

கேள்வி: மெனு, கீழே ஓடும் படங்களுக்குப் பின்னால் போகிறது. எதன் மேல் எது என்று சொல்லும் இசற்-இன்டெக்ஸுக்கு 9999 கொடுத்தும் பலனில்லை.
- வாசகர், சாவகச்சேரி

பதில்: மெனு இருக்கும் தலைப்புப் பெட்டிக்கு ஒப்பாசிற்றி (மங்கலாக்குவது) அல்லது ட்ரான்ஸ்போம் (நகர்த்துவது, திருப்புவது) கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்தால் அந்தப் பெட்டி தனி மாடியாகிவிடும். கீழ்மாடிக்குள் கதிரைக்கு மேல் கதிரை அடுக்கி ஏறினாலும் மேல்மாடிக்காரனைத் தாண்ட முடியாது. 9999ஐ எடுத்துவிட்டு, தலைப்புப் பெட்டிக்கு பொசிஷன் ரிலேற்றிவ் கொடுத்து இசற்-இன்டெக்ஸ் 10 போடுங்கோ. படங்களின் எண் அதைவிடக் கூட இருந்தால் அதைக் குறையுங்கோ. திருத்திய பிறகும் பழையதே தெரிந்தால், வேறொன்றையும் தொடமுன் தனிப்பட்ட விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கோ. பழைய ஸ்டைல் பைலைத்தான் பிரவுசர் சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.