மலைச் சைக்கிளுக்கு வேகமான டயர்: மழையில் வழுக்குமா?

கேள்வி: பினாங்கு சுங்கை ஆராவில் வசிக்கும் ஆசிரியை நான். வயது 48, எடை 68 கிலோ. மகன் படிக்கப் போனபோது விட்டுச் சென்ற மலைச் சைக்கிளை ஓட்டுகிறேன். டயரில் 27.5 x 2.25 என்று அச்சிட்டிருக்கிறது. பெரிய பெரிய குமிழ்கள். சனிக்கிழமைகளில் குயின்ஸ்பேயிலிருந்து பத்து மாவுங் வரை கடலோரப் பாதை, ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிக் புலாவ் வயல்வெளிச் சாலைகள். எவ்வளவு மிதித்தாலும் தோழிகளுக்குப் பின்னால்தான் வருகிறேன். பெரிய சக்கரமாக மாற்றினால் வேகம் கிடைக்கும் என்று கடைக்காரர் 1,400 ரிங்கிட் கேட்கிறார். டயரை மட்டும் மாற்றினால் போதாதா? குமிழ் இல்லாத டயர் மழையில் வழுக்கிவிடாதா?

பதில்: டயரை மட்டும் மாற்றினால் போதும், டீச்சர். 1,400 ரிங்கிட் உங்கள் பையிலேயே இருக்கட்டும். மழையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் அது தப்பான டயரின் மேல் விழுந்திருக்கிறது. நனைந்த தார்ச் சாலையில் முதலில் காலை வாருவது குமிழ் டயர்.

தார்ச் சாலையைப் பிடித்துக்கொள்வது ரப்பர். சாலையைத் தொடும் ரப்பர் எவ்வளவு அதிகமோ, பிடிப்பும் அவ்வளவு நன்றாக இருக்கும். குமிழ் டயரில் குமிழ்களின் உச்சி மட்டுமே தரையைத் தொடுகிறது. வளைவில் சாயும்போது அந்தக் குமிழ்களும் பக்கவாட்டில் மடங்குகின்றன. கார் டயரில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பதைப் பார்த்துச் சைக்கிளுக்கும் அது வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கார் டயர் அகலமானது, தட்டையானது, வேகமாகப் போவது. அதனால் அது தண்ணீரின் மேல் ஏறி மிதந்துவிடும் ஆபத்து உண்டு. சைக்கிள் டயர் குறுகலானது, உருண்டையானது. தண்ணீரைத் தானே இரு பக்கமும் ஒதுக்கிவிடும். நீங்கள் போகும் வேகத்தில் மிதக்கும் பேச்சே இல்லை. சைக்கிளுக்குக் குமிழ் தேவைப்படுவது மண்ணிலும் தளர்ந்த சரளையிலும்தான்.

நீங்கள் பின்தங்குவதற்கும் அதே குமிழ்தான் காரணம். சக்கரம் உருளும்போது ஒவ்வொரு குமிழும் தரையில் பட்டு மடங்கி, பிறகு நிமிர்கிறது. மடங்க எடுத்துக்கொண்ட சக்தியை ரப்பர் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. டயரின் உடம்பும் இப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. உடம்பு தடித்திருந்தால் இழப்பும் அதிகம். தார்ச் சாலையில் உங்கள் டயர் போடும் அந்த இரைச்சல், கூலி கொடுக்காமல் உங்கள் காலிடம் வாங்கும் வேலை.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: நடுப்பகுதி வழவழப்பாகவோ, தாழ்ந்த சின்னக் குமிழ்கள் நெருக்கமாக அமைந்தோ இருக்க வேண்டும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குமிழ் இருக்கலாம், உடம்பு மெல்லியதாகக் கையில் மடங்க வேண்டும், அகலம் 2.0 அல்லது 2.1 அங்குலம். நடு வழவழப்பும் ஓரக் குமிழும் கொண்டதற்கு ஷ்வால்பே ஹரிக்கேன் ஓர் உதாரணம். வயல் பக்கம் அதிகம் போவீர்கள் என்றால் நெருக்கமான சின்னக் குமிழ்கள் உள்ள கான்டினென்டல் ரேஸ் கிங், மாக்ஸிஸ் ஐக்கான் போன்றவை பொருந்தும். இந்தப் பெயர்கள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அந்த அமைப்பு இருந்தால் போதும். பஞ்சரே ஆகாது என்று ஒரு தடித்த டயரை எடுத்து நீட்டுவார்கள். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் அந்த வகையில் நேர்மையான சரக்கு. உள்ளே 5 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு காப்புப் பட்டையே இருக்கிறது. மூட்டை முடிச்சுடன் நாடு சுற்றுபவருக்கு அது நல்லது. வேகம் கேட்கும் உங்களுக்கு அதைக் காட்டுகிறவர் உங்கள் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். டயர் தருவது மணிக்கு ஓரிரு கிலோமீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்காமல் தோழிகளோடு பேசிக்கொண்டே போக அது போதும்.

இப்போது அந்தப் பெரிய சக்கரத்துக்கு வருவோம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 27.5 என்ற சைக்கிளில் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 584 மில்லிமீட்டர். அதில் 2.1 அங்குல டயர், அதாவது 54 மில்லிமீட்டர் டயர் போட்டால், மேலும் கீழுமாக இரண்டு 54 சேர்ந்து மொத்த உயரம் 692. கடைக்காரர் சொல்லும் பெரிய சக்கரத்தின் ரிம் 622. அதில் தார்ச் சாலைக்கு வழக்கமாகப் போடும் 35 மில்லிமீட்டர் டயரைச் சேர்த்தால் 622-உம் 70-உம், மீண்டும் 692. பெரிய சக்கரம் என்று 1,400 ரிங்கிட்டுக்கு விற்கப்படுவது வெளிப்புறத்தில் இம்மியும் பெரியதல்ல! விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்றால் அது ஒரு கவலை. தெரிந்துதான் விற்கிறார் என்றால் பெரிய கவலை.

இரண்டாவது பொறி குறுகல் டயர். டயர் மெலிந்தால் வேகம் கூடும் என்று 1.5 அங்குலத்தை மாட்டி, கல் மாதிரி காற்றடித்து அனுப்பிவிடுவார்கள். கடையின் முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு சுற்று வந்தால் சைக்கிள் பறப்பது போலத்தான் தோன்றும். பத்து மாவுங் பாதையில் ஓடு பெயர்ந்த இடமும் மரவேர் தூக்கிய இடமும் வந்தவுடன் பல்லும் முதுகும் பதில் சொல்லும். கடினமான டயர் ஒவ்வொரு மேட்டிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்கிப் போடுவதற்கான சக்தியும் நீங்கள் மிதித்ததுதான். போதாததற்கு மெல்லிய டயரால் சைக்கிள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். வளைவில் பெடல் தரையைத் தட்டலாம். மலைச் சைக்கிளின் ரிம் அகலமானது, அவ்வளவு ஒடுங்கிய டயருக்கு அது ஏற்ற இடமும் அல்ல.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் மேல் வரம்பு. அதுவரை அடிக்க வேண்டும் என்ற கட்டளை அல்ல. உங்கள் எடைக்கு, 2.1 அங்குல டயருக்கு, டியூப் போட்டிருந்தால் முன்னால் 30 பிஎஸ்ஐ, பின்னால் 35. பெட்ரோல் நிலைய இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும். அதில் சுமார் 205, 240. அந்த இயந்திரம் வேலை செய்கிற நாளாக இருக்க வேண்டும், அதன் குழாய் உங்கள் வால்வுக்குப் பொருந்தவும் வேண்டும். மெல்லிய பித்தளை வால்வாக இருந்தால் தனியாக ஓர் இணைப்பு தேவை. இந்தத் தொல்லைக்கெல்லாம் அளவுமானியுடன் கூடிய தரைப் பம்பு ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல். வாரம் ஒரு முறை பாருங்கள். அமுக்கிப் பார்க்கும் கட்டைவிரல் அளவுமானி அல்ல.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 19 ரிங்கிட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது வால்வு மூடியின் விலை. டயர் கீழே எட்டாவது வரிசையில் இருக்கும். படம் ஒரு டயர், வருவது வேறொரு டயர். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்து ரப்பர் இறுகிப்போன சரக்கை மலிவு விற்பனை என்று தள்ளுபவர்களும் உண்டு. பக்கவாட்டை மடக்கினால் நுண்ணிய வெடிப்பு தெரியும். கையில் சரக்கே இல்லாமல் ஆர்டரை மட்டும் வாங்கி வேறொருவரிடம் தள்ளிவிடும் இடைத்தரகர்கள் அதைவிட மோசம், ஏனென்றால் கேட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. பணம் கட்டும் முன், டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 584 என்று முடியும் எண் இருக்க வேண்டும்; 54-584 என்பது போல. வெறும் 27 என்று விளம்பரம் செய்திருந்தால் தொடவே தொடாதீர்கள். பழைய பந்தய சைக்கிளின் 27 அங்குல ரிம் 630 மில்லிமீட்டர். அந்த டயர் உங்கள் ரிம்மில் உட்காராது. அங்குலத்தில் எதையாவது எழுதிவிட்டு உண்மையான அளவைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கும் இந்த வழக்கத்தை எந்த மேதை தொடங்கி வைத்தாரோ!

ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பைக் கேட்கலாம். 90 ரிங்கிட் டயருக்காகப் படிவம் நிரப்பி, விடுப்பு எடுத்துப் போய் உட்காருகிறவர் யார்? விற்பவருக்கும் அது தெரியும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் மேலே சொன்னது எதுவும் செல்லாது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் போகும் பாலிக் புலாவில் அது நிறைய இருக்கிறது. பழத்தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய சிமெண்டுப் பாதைகளைச் சொல்கிறேன். மரநிழலில் வெயில் படாமல், மழைக்குப் பிறகு நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே பாசி. பச்சையாக இருந்தால் கண்ணில் படும்; கறுத்துப்போன பாசி பழைய சிமெண்டு போலவே தெரியும், ஆபத்து அதில்தான். அங்கே ரப்பர் சிமெண்டைத் தொடவே முடிவதில்லை, நடுவில் கொழகொழவென்று ஒரு படலம். வழவழப்பான டயர் அதன் மேல் சறுக்கும். குமிழ் டயரும் சறுக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது மண்ணல்ல, குமிழ் குத்தி இறங்குவதற்கு. காற்றைக் குறைத்தாலும் பயனில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் பழைய பலகைப் பாலங்களும் இதே ரகம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்துக்கு வரும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். சரிவாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்கென்றே மழைக்கால டயர் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் முதலில் அவரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வயல் வரப்பில் களிமண் சேறாக இருக்கும் நாளில் எந்த வேகமான டயரும் உதவாது. அன்று தார்ச் சாலையிலேயே இருங்கள்.

மற்றபடி இந்தத் தீவில் சைக்கிளோட்டியைக் கீழே தள்ளுவது டயரைவிடப் பாதைதான். சாலையில் பளபளவென்று பூசிய வெள்ளைக் கோடு, சக்கரம் போகும் திசையிலேயே கம்பிகள் வைத்த வடிகால் மூடி, திடீரென்று முடிந்துபோகும் சைக்கிள் தடம். முடியாத இடத்தில் அதன் மேல் ஒரு கார் நிற்கும். இவற்றையெல்லாம் வரைகிறவர்கள் ஒரு நாளாவது மழையில் சைக்கிள் மிதித்துப் பார்த்திருப்பார்களா? வெள்ளைக் கோட்டையும் இரும்பு மூடியையும் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள். அவற்றின் மேல் சாயாதீர்கள்.

இரண்டு டயரும் சேர்த்து 300 ரிங்கிட்டுக்குள் முடியும். இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பின் சக்கரத்தில் போடுங்கள். உங்கள் எடையின் பெரும்பகுதியைச் சுமப்பது அதுதான், மாற்றம் அங்கேதான் அதிகம் தெரியும். மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பழைய டியூப் பழுதில்லாமல் இருந்தால் அதையே திரும்பப் போடலாம், 2.25-க்குப் பொருந்தியது 2.1-க்கும் பொருந்தும். புதிய டியூப் கட்டாயம் என்று சொன்னால், பழையதில் எங்கே பழுது என்று காட்டச் சொல்லுங்கள்.