சிமிலியா, மெட்டஃபரா? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டு

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. தமிழில் நல்ல மார்க் எடுப்பாள். ஆங்கிலத்தில் பாட்டு வரியைக் கொடுத்து ‘ஃபிகர் ஆஃப் ஸ்பீச்’ கேட்டால் மட்டும் தடுமாறுகிறாள். தெரியாததற்கெல்லாம் மெட்டஃபர் என்று எழுதிவைக்கிறாள். இதற்கென்று தனி டியூஷன் வைக்கலாமா? – ஒரு தாய், குளச்சல்

பதில்: டியூஷன் வேண்டாம். தமிழில் அணியும் யாப்பும் படித்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதியில்தான் சறுக்கல்.

உங்கள் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘த ஸீ ரோர்ட் லைக் எ லயன்’ என்றால், கடல் சிங்கம்போல முழங்கியது. ‘லைக்’ வந்து இரண்டையும் ஒப்பிடுகிறது. இது சிமிலி, நம் உவமை. ‘த ஸீ வாஸ் எ லயன்’ என்றால் ஒப்பிடும் சொல் போய், கடலே சிங்கமாகிவிட்டது. இது மெட்டஃபர், உருவகம். மலர்ப்பாதம், பாதமலர் என்று தமிழ் வகுப்பில் படித்த அதே வித்தியாசம்தான். ‘த ஸீ ரெஃப்யூஸ்ட் டு லெட் த போட்ஸ் கோ’ என்றால், வள்ளங்களை விடமாட்டேன் என்று கடல் மறுக்கிறது. மறுப்பது மனிதர் செய்யும் காரியம், ஆகவே பெர்சானிஃபிகேஷன். இதேபோல மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றியோ தோவாளைப் பூச்சந்தையைப் பற்றியோ மூன்று வரி அவளையே எழுதச் சொல்லுங்கள். நீளமான பட்டியலை நெட்டுருப் போடுவதைவிட இது நிற்கும்.

‘லைக்’ கண்ட இடமெல்லாம் சிமிலி அல்ல. ‘ஐ லைக் த ரெயின்’ என்பதில் அது வெறும் விருப்பம். ‘ஷீ லுக்ஸ் லைக் ஹெர் மதர்’ என்பது சாடையைச் சொல்கிறது, அவ்வளவே. ஒப்பிடும் இரண்டும் வேறு வேறு இனமாக இருந்தால்தான் சிமிலி.

பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணி என்று நினைத்துக் குழம்பும் பிள்ளைகள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் இயல்பாக அசைகின்றன; ‘வராதே’ என்று கோவலனுக்குக் கை காட்டுவதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை ஏற்றுகிறார். ஆங்கிலத்தில் இதுவும் பெர்சானிஃபிகேஷன்தான். ஆனால் அங்கே இப்படிக் காரணம் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘த வேவ்ஸ் டான்ஸ்ட்’ என்றாலே போதும்.

அதிகம் தவறுவது ஒலி சம்பந்தமான கேள்விகளில். அலிட்டரேஷனை மோனை என்று சொல்லிக்கொடுப்பது சரி. ஆனால் மோனையில் எழுத்தைப் பார்த்தால் போதும், ஆங்கிலத்தில் காதால் கேட்க வேண்டும். ‘கேட்’ (பூனை), ‘சிட்டி’ (நகரம்) இரண்டையும் ‘சி’ என்ற ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கி எழுதுகிறோம், ஒலி வேறு, அலிட்டரேஷன் இல்லை. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ எழுத்து வேறு, ஒலி ஒன்று, அலிட்டரேஷன் உண்டு. தமிழில் சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் மோனையாக வரும். அந்தச் சலுகை ஆங்கிலத்தில் கிடையாது.

எதுகையை அங்கே தேடவே வேண்டாம். ரைம் என்பது வரிக் கடைசியில் வரும் நம் இயைபு. அதையும் வாய்விட்டுப் படித்தே பார்க்க வேண்டும்: எழுத்து வேறானாலும் ‘கம்’ (வா), ‘டிரம்’ (முரசு) இயையும், ஒரே மாதிரி எழுத்தில் முடிந்தாலும் ‘லவ்’, ‘மூவ்’ இயையாது. ‘ரைம் ஸ்கீம்’ கேட்டால், முதல் வரியின் கடைசி ஒலிக்கு ஏ என்று குறிக்க வேண்டும். அதே ஒலி திரும்ப வந்தால் மறுபடி ஏ, புது ஒலி வந்தால் பி. எல்லாப் பாட்டும் ஏஏபிபி, ஏபிஏபி என்று வந்துவிடாது. நம் தேரூர்க் கவிமணி தமிழில் தந்த உமர் கய்யாம் பாடல்களுக்கு மூலம் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலப் பாட்டு, அது ஏஏபிஏ. மூன்றாம் வரி மட்டும் தனியாக நிற்கும்.

ஹைப்பர்போலி நம் உயர்வு நவிற்சி. ஆனமட்டோபியா என்பது ‘பஸ்’ (தேனீயின் ரீங்காரம்), ‘ஹிஸ்’ (பாம்பின் சீறல்) மாதிரி ஒலியையே சொல்லாக்குவது. சலசல, கடகட மாதிரி இரட்டித்துத்தான் வர வேண்டும் என்றில்லை. இவை இரண்டுக்கும் ஒரு சாயங்காலம் தாராளம்.

விடை எழுதும்போது பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதப் பழக்குங்கள். அந்த வரி வரவில்லை என்றால் அவள் மெட்டஃபர் என்று எழுதியது ஊகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.